தாத்தாவ பத்தி நாலு பேரு நாலு விதமா சொன்னா நாலையும் எழுதி வைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் திருச்சியில இருக்கேன், சொந்த ஊரு முத்துப்பேட்டை பக்கம். வாரத்துக்கு ரெண்டு நாளாச்சும் உங்க பேப்பர்ல சொத்து தகராறுல அண்ணன் தம்பி அடிச்சிக்கிட்டாங்க, அக்கா தம்பி மேல கேஸ் போட்டாங்கன்னு செய்தி வருது. அத படிக்கும்போதெல்லாம் எனக்கு தோணுறது ஒண்ணுதான், இந்த சண்டை எங்க ஆரம்பிச்சுதுன்னு அந்த வீட்டுல நாலு பேர தனித்தனியா கேட்டா நாலு வருஷம் சொல்வாங்க, நாலு காரணம் சொல்வாங்க, அந்த நாலையும் யாரும் எழுதி வச்சிருக்க மாட்டாங்க, எல்லாரும் செத்தப்புறம் பேரப்பிள்ளைங்க கையில மிஞ்சுறது பகை மட்டும்தான், எதுக்கு பகைன்னே தெரியாது. எங்க வீட்டுலயும் இதேதான், அதனால எங்க கதையவே எழுதுறேன், நீளமா போனா மன்னிக்கணும்.

எங்க தாத்தாவுக்கு ஆறு மா நிலம், அதாவது ரெண்டு ஏக்கர், அப்புறம் ஒரு ஓட்டு வீடு, கொல்லையில கொஞ்சம் தென்னை. பிள்ளைங்க நாலு பேரு. பெரியப்பா, அடுத்தது எங்கப்பா, அப்புறம் அத்தை, கடைசியா சித்தப்பா. தாத்தா 1983ல காலமானார், அந்த வருஷத்துலேர்ந்து அத்தை எங்க வீட்டு வாசப்படி மிதிக்கல. எனக்கு அப்ப மூணு வயசு. எங்களுக்கு சொல்லி வளத்தது, “உங்க அத்தை ஒரு மோதிரத்துக்காக அண்ணன் தம்பிய வேணாம்னு போனவ.” அத்தை வீட்டு பிள்ளைங்களுக்கு சொல்லி வளத்தது, “உங்க பெரிய மாமா ஏமாத்தி கையெழுத்து வாங்கினவரு.” அத்தை மகளும் நானும் திருச்சியில ஒரே காலேஜ்ல படிச்சோம், 97லேர்ந்து 2000 வரைக்கும் மூணு வருஷம், தெனமும் ஒரே பஸ் ஸ்டாப்புல நிப்போம், ஒரு வார்த்தை பேசினதில்ல. அவளுக்கு எங்க அப்பாயி, அதாவது அப்பாவோட அம்மா மூக்கு, அப்படியே அச்சு. அந்த மூக்க பாத்துக்கிட்டே பஸ் ஏறிடுவேன். இப்ப நெனச்சாலும் அடிவயிறு வலிக்குது.

2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரைய கடந்துச்சுல்ல, அதுல சித்தப்பாவோட தென்னை மொத்தமும் சாஞ்சிடுச்சு, வீட்டு ஓடு பாதி பறந்துடுச்சு. நானும் எங்கம்மாவும் திருச்சியிலேர்ந்து போய் அங்கதான் தங்கியிருந்தோம். அஞ்சாறு நாள் கழிச்சு ஒரு வேன் வந்து நிக்குது, உள்ள அரிசி மூட்டை, மெழுகுவத்தி, கொசுவத்தி, தார்ப்பாய். எறங்கினது அத்தை. கும்பகோணத்துலேர்ந்து வந்திருக்காங்க, 35 வருஷம் கழிச்சு. சித்தப்பா கையில இருந்த அருவாள கீழ போட்டுட்டு “அக்கா வந்திருக்கா”ன்னு உள்ள பாத்து கத்துறார். அத்தை வாசல்லயே நின்னு மேல பாத்துட்டு சொன்ன மொத வார்த்தை, “77ல சாஞ்ச மாதிரியே சாஞ்சிருக்குடா.”

ஊர்ல வாரக்கணக்குல கரண்ட் கெடையாது, டிவி கெடையாது, செல்போன்ல சார்ஜ் கெடையாது. ராத்திரி ஆனா மெழுகுவத்திய சுத்தி உக்காந்து பேசுறத தவிர வேற வேலை இல்ல. அப்பதான் ஒவ்வொண்ணா வெளிய வந்துச்சு, வந்த உடனே சண்டையும் வந்துச்சு.

1977 நவம்பர் 12 நாகப்பட்டினம் புயல், தீபாவளி முடிஞ்ச கையோட வந்த புயல். அந்த வருஷம்தான் அத்தைக்கு கல்யாணம் ஆகி தலைதீபாவளி, மாமா மாப்பிள்ளையா வந்து எங்க வீட்டுலயே மாட்டிக்கிட்டார். பெரியப்பா சொல்றது, தலைதீபாவளிக்கு போட்ட மோதிரம் சின்னதா இருக்குன்னு மாப்பிள்ளை மூஞ்சிய தூக்கி வச்சிக்கிட்டார், அன்னைக்கு ஆரம்பிச்ச வெனைதான் எல்லாம்னு. அத்தை சொல்றது, மோதிரத்துல ஒரு கொறையும் சொல்லல, புயல்ல வீடு சாஞ்சதும் மாமாவே வெரல்லேர்ந்து கழட்டி தாத்தா கையில குடுத்து “அடகு வச்சி ஓடு வாங்குங்க மாமா”ன்னு சொன்னார், அத மீட்டு தரவே இல்ல, அதுக்கப்புறம் மாமாவுக்கு வெறும் வெரலோட பொறந்த வீட்டுக்கு வர கூச்சமா போச்சுன்னு. சித்தப்பாவுக்கு அப்ப பதினோரு வயசு, அவருக்கு மோதிரம்னு ஒண்ணு இருந்ததே தெரியாது. அவருக்கு ஞாபகம் இருக்கிறது ரெண்டே ரெண்டு, கட்டுத்தறியிலயே செத்து கெடந்த பசுவும் கன்னுக்குட்டியும், அப்புறம் அத்தான் தன்ன தோள்ல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில பள்ளிக்கூடத்து கட்டடத்துக்கு போனது. “அவரு காத புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன், அவரா மோதிரத்துக்கு மூஞ்சி தூக்கினாரு?”ன்னு சித்தப்பா கேட்டதும் பெரியப்பா எழுந்து வெளிய போயிட்டார்.

மோதிர விஷயம் இன்னிக்கு வரைக்கும் முடியல. அடகு சீட்டும் இல்ல, கடையும் இல்ல. அது அப்படியே கெடக்கட்டும்னு விட்டுட்டோம்.

தாத்தா எப்படிப்பட்டவர்ங்கிறதுலயும் இதே கதைதான். பெரியப்பாவ கேட்டா தாத்தா ஒரு ராட்சசன். புளிய வெளாறால அடிச்ச தழும்ப முழங்காலுக்கு பின்னாடி காட்டுறார், அஞ்சாங்கிளாஸோட படிப்ப நிறுத்தி ஏர் புடிக்க அனுப்பினார்னு சொல்லும்போது எழுபத்திரெண்டு வயசுல அவருக்கு கொரல் நடுங்குது. அத்தைக்கு தாத்தா தெய்வம். திருவாரூர் ஆழித்தேர் பாக்க தோள்ல உக்கார வச்சி கூட்டிட்டு போனது, கண்ணாடி வளையல் கைய கிழிச்சிடக்கூடாதுன்னு துண்ட வெரல்ல சுத்திக்கிட்டு ஒவ்வொரு வளையலா மாட்டி விட்டது. சித்தப்பாவுக்கு தாத்தான்னா இழுப்பு வந்து திண்ணையில குந்தியிருக்கிற ஒரு கெழவர், ராத்திரியெல்லாம் வெந்நி கேப்பார், அவ்வளவுதான்.

மூணு பேரும் பொய் சொல்லலங்க. பெரியப்பா 46ல பொறந்தவர், 52 புயல்ல வெளஞ்ச நெல்லு மொத்தமும் போயி தாத்தா கடன்ல முழுகி கெடந்தப்ப இவருக்கு ஆறு வயசு. அந்த கடன்காரன் தாத்தாவதான் இவருக்கு தெரியும். அத்தை பொறந்தது 57ல, அவங்க தேர் பாக்க போற வயசுல கடன் அடைஞ்சாச்சு, தாத்தா கையில நாலு காசு இருந்துச்சு. சித்தப்பா வரும்போது தாத்தாவுக்கு நாப்பத்தி நாலு வயசு, மூச்சு வாங்க ஆரம்பிச்சாச்சு. பெரியப்பாகிட்ட போய் “நம்ம அப்பா எவ்வளவு பாசமா வளையல் மாட்டி விட்டாரு”ன்னு அத்தை சொன்னா அவருக்கு அது புண்ணுல கோல விட்டு நோண்டுற மாதிரி இருக்கு. அத்தைகிட்ட போய் ராட்சசன்னு சொன்னா அவங்களுக்கு பெத்த அப்பன திட்டுற மாதிரி இருக்கு. அதனாலதான் நான் ஒருத்தர் சொல்றத இன்னொருத்தர் முன்னாடி கேக்குறத நிறுத்திட்டேன். கரண்ட் வந்து போன் சார்ஜ் ஏறினதுலேர்ந்து ஒவ்வொருத்தரையா தனியா கூப்பிட்டு உக்கார வச்சி போன்ல ரெக்கார்ட் போட ஆரம்பிச்சேன். வேற யாருக்கும் போட்டு காட்ட மாட்டேன்னு சத்தியம் பண்ணிதான் பேச வச்சேன், இங்க எழுதுறது அவங்ககிட்ட கேட்டுட்டு எழுதுறது.

தேதி கேட்டா நம்ம பெரியவங்களுக்கு சொல்ல வராது. 1984 மே மாசமான்னு கேட்டா முழிப்பாங்க. ஆனா புயல் வந்த வருஷம், எமர்ஜென்சி நேரம், எம்.ஜி.ஆர். செத்தப்பன்னு கேட்டா மணி வரைக்கும் சொல்வாங்க. எங்க வீட்டுல ஒரு பெரிய முடிச்சு அவிழ்ந்ததே இப்படித்தான். அத்தை மகனுக்கு காதுகுத்து, தாய்மாமன் மடியில உக்கார வச்சிதானே காது குத்தணும், மூணு தாய்மாமன் இருந்தும் ஒருத்தரும் போகல, கடைசியில பக்கத்து வீட்டுக்காரர் மடியில உக்கார வச்சி குத்தினாங்க. அத்தைக்கு கையெழுத்த விட இதுதான் பெரிய வலி. பெரியப்பா சத்தியம் பண்ணுறார், பத்திரிகையே வைக்கலன்னு. அத்தை சத்தியம் பண்ணுறாங்க, தாம்பூலத்தட்டோட நானும் அவரும் வந்தோம், வீடு பூட்டியிருந்துச்சு, வேணும்னேதான் பூட்டிட்டு போனீங்கன்னு. எப்பன்னு கேட்டா “இந்திரா காந்திய சுட்டாங்கல்ல, அன்னைக்கு காலையில கெளம்பி வந்தோம், திரும்பும்போது கடையெல்லாம் அடைச்சு பஸ் இல்லாம நடுவழியில நின்னோம்”னு சொன்னாங்க. அதாவது 1984 அக்டோபர் 31.

அதுவரைக்கும் சுவத்துல சாஞ்சி ஒண்ணும் பேசாம உக்காந்திருந்த எங்கம்மா, “அன்னைக்கு நாங்க யாரும் ஊர்லயே இல்லியே”ன்னாங்க. அப்பாயிக்கு வயித்துல கட்டின்னு தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரில சேத்திருந்தாங்களாம், வீடே அங்க இருந்திருக்கு, ஆஸ்பத்திரி வராண்டாவுல ரேடியோவ சுத்தி கூட்டம் நின்னது அம்மாவுக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. வேணும்னு யாரும் கதவ பூட்டல, பத்திரிகை வரலன்னு பெரியப்பா சொன்னதும் பொய்யில்ல. முப்பத்தி நாலு வருஷமா ரெண்டு பக்கமும் நெஞ்சுல வச்சி அழுத்திக்கிட்டிருந்தது ஒரு பூட்டு. ஏம்மா இத்தன நாளா சொல்லலன்னு கேட்டேன். “என்ன யாரு கேட்டா, நான் வந்தவதானே”ன்னு சொன்னாங்க.

இத நான் பெருசா சொல்லணும்னு நெனைக்கிறேன். குடும்ப கதைன்னா நாம ஆம்பளைங்ககிட்ட கேப்போம், மிஞ்சி போனா கூட பொறந்த அத்தைங்ககிட்ட கேப்போம், மருமகளா வந்தவங்கள ஒருத்தரும் கேக்குறதில்ல. ஆனா அடுப்படியில மாமியாரோட முப்பது வருஷம் நின்னவ அவதானே. எங்கப்பா கல்யாணத்துல நாத்தனார் முடிச்சு போட்டது இந்த அத்தைதான், 79ல. தாலியில மூணாவது முடிச்சு போட்ட கை அது, அந்த கைய பத்தி எங்கம்மாவுக்கு சொல்ல எவ்வளவோ இருந்திருக்கு, நாங்க கேக்கல.

கையெழுத்து விஷயத்துக்கு வரேன், பேப்பர் படிக்கிறவங்களுக்கு இது முக்கியம். தாத்தா உயில் எழுதாம போயிட்டார், நிலம் அவரே சம்பாதிச்சு வாங்கினது. 1956ல வந்த இந்து வாரிசுரிமை சட்டப்படியே அப்பா சுயமா சம்பாதிச்ச சொத்துல, உயில் இல்லன்னா, மகனுக்கு உள்ள அதே பங்கு மகளுக்கும் உண்டு, அம்மாவுக்கும் உண்டு. 83ல எங்க ஊர்ல எத்தன பொம்பளைங்களுக்கு இது தெரியும். பூர்வீக சொத்துல மகளுக்கும் பொறப்புரிமைன்னு தமிழ்நாட்டுல சட்டம் வந்தது 1989 மார்ச் 25லேர்ந்து, அதுலயும் அதுக்கு முன்னாடி கல்யாணம் ஆனவங்களுக்கு கெடையாதுன்னு வச்சாங்க, 2005ல மத்திய சட்டத்த திருத்தினப்பதான் அந்த பேதம் போச்சு, 2005க்கு முன்னாடியே அப்பா செத்திருந்தாலும் மகளுக்கு அந்த உரிமை உண்டுன்னு 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஆனா அதெல்லாம் பூர்வீக சொத்துக்கு. எங்கத்தைக்கு 83லயே முழு பங்கு இருந்துச்சு, அது தெரியாமலே விடுதலை பத்திரத்துல, அதாவது தன் பங்க விட்டு குடுக்குற பத்திரத்துல, கையெழுத்து போட்டாங்க. “பட்டா மாத்த ஒரு கையெழுத்து வேணும் பாப்பான்னு அண்ணன் கூப்பிட்டாரு, நம்பி போட்டேன்”ங்கிறது அத்தை சொல்றது. “மூவாயிரம் ரூபா எண்ணி வாங்கிட்டு சந்தோஷமா எழுதி குடுத்தா”ங்கிறது பெரியப்பா சொல்றது.

அவங்கவங்க ஞாபகம் அவங்கவங்களுக்குன்னு நான் சொல்றது இந்த பங்கு விஷயத்துக்கு பொருந்தாதுங்க. தாத்தா நல்லவரா கெட்டவரான்னு நாலு விதமா இருக்கலாம், சட்டப்படி மகளுக்கு பங்கு உண்டாங்கிறதுல ரெண்டு விதமே கெடையாது. “எல்லாரும் பாவம், பழச பேசாதீங்க”ன்னு சொல்லி பொம்பள பிள்ளையோட பங்க மறைக்கிற வேலை நிறைய வீட்டுல நடக்குது, தயவு செஞ்சு நான் சொல்றத அதோட சேத்துடாதீங்க.

2019ல நான் சார்பதிவாளர் ஆபீஸ்ல மனு போட்டு அந்த பத்திரத்துக்கு நகல் வாங்கினேன். மூவாயிரம் ரூபா பெற்றுக்கொண்டுன்னு அதுல இருக்கு, பெரியப்பா சொன்னது சரி. அத்தைகிட்ட படிச்சு காட்டினேன், மறுக்கல, “காசு வந்துச்சு, அது அம்மா தன் ரெட்டவட செயின வித்து எனக்குன்னு வச்சிருந்த காசு, அத அண்ணன் கையால குடுத்தா நிலத்துக்கு குடுத்ததா ஆயிடுமா”ன்னு கேட்டாங்க. அப்பாயி செயின வித்தது எங்கம்மாவுக்கும் தெரியும். அந்த காசுதான் இந்த காசான்னு சொல்ல அப்பாயி இல்ல, 91லயே போயிட்டாங்க. எங்கப்பாவ கேக்கலாம்னா அவரும் 2011ல போயிட்டார். அவர் ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னவர், அவர் கண்ணால பாத்தத ஒரு தடவ கூட நான் கேட்டதில்ல, கேக்க எனக்கு முப்பது வருஷம் இருந்துச்சு.

ஆனா அந்த நகல்ல ஒருத்தரும் எதிர்பாக்காத ஒண்ணு இருந்துச்சு. சாட்சி எடத்துல மாமாவோட பேரு. அத்தை வீட்டுக்காரர் பேரு. அத்தை அடிச்சி சொல்றாங்க, “அவருக்கு தெரியாமதான் என்ன கூட்டிட்டு போனாங்க, அவரு அன்னைக்கு ஊர்லயே இல்ல.” பெரியப்பாவும் அடிச்சி சொல்றார், “அவன் வர மாட்டேன்னு வீம்பு புடிச்சான், வெளியாளுங்கள வச்சிதான் சாட்சி போட்டேன்.” நாப்பது வருஷமா எதுலயுமே ஒத்து போகாத அண்ணனும் தங்கச்சியும் ஒத்து போன ஒரே விஷயம் மாமா அங்க இல்லங்கிறது. நகல்ல கையெழுத்து இல்ல, பேர எழுதிதான் வச்சிருந்தாங்க, அதனால “அதே பேர்ல வேற யாராச்சும் இருக்கும்”னு அத்தை சொல்லிட்டாங்க.

அசல் பெரியப்பாகிட்ட இருந்துச்சு. அத வெளிய எடுக்க வைக்க எனக்கு ஒரு வருஷம் ஆச்சு. தகரப்பெட்டிக்கு அடியில வேட்டியில சுத்தி வச்சிருந்தார், முத்திரைத்தாள் மடிப்பு மடிப்பா விட்டு போயி பிரிக்கும்போதே ஓரம் உதிருது. அத்தையோட கையெழுத்து, குண்டு குண்டா எழுத்து கூட்டி போட்டது, பக்கத்துல பெருவிரல் ரேகை. அதுக்கு கீழ சாட்சிகள்னு போட்டு ரெண்டு கையெழுத்து. அத்தை கண்ணாடிய மாட்டிக்கிட்டு குனிஞ்சி பாத்தாங்க. மாமா செத்து அப்ப ஆறு வருஷம். ரொம்ப நேரம் ஒண்ணும் சொல்லல. அப்புறம் வெரல கடைசி எழுத்து மேல வச்சி, “அவரு கையெழுத்துதான். ‘ன்’ போட்டு கீழ ஒரு இழுப்பு இழுப்பாரு, ரேஷன் கார்டுலயும் இப்படித்தான் இருக்கும்”னாங்க.

பெரியப்பா கட்டில்ல உக்காந்திருந்தவர், “அவன் வந்தானா அன்னைக்கு? எனக்கு ஞாபகமே இல்லியே பாப்பா”ன்னார்.

“எனக்குந்தான்ணே”ன்னாங்க அத்தை.

மாமா ஏன் வந்தார், தெரிஞ்சு போட்டாரா தெரியாம போட்டாரா, வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட என்ன சொன்னார், ஒண்ணும் யாருக்கும் தெரியல. அன்னைக்கு ராத்திரி அண்ணனும் தங்கச்சியும் சண்டை போடல, அந்த நாள்ல யாரு எந்த பக்கம் நின்னா, டீ குடிச்சோமா, எந்த பஸ்ல போனோம்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டு கேட்டு சேக்க பாத்தாங்க. அத்தை ஒரு ஜெராக்ஸ் கேட்டாங்க. பங்கு கேக்கத்தான்னு பெரியம்மா பயந்தாங்க, கேக்குறதுன்னா அது அவங்க இஷ்டம்னு நான் சொல்லிட்டேன். அத்தை அந்த ஜெராக்ஸ்ல கையெழுத்து இருக்கிற எடத்த மட்டும் கத்தரிச்சு மாமா போட்டோ சட்டத்து ஓரத்துல சொருகி வச்சிருக்காங்க, போன பொங்கலுக்கு போனப்ப பாத்தேன்.

ஆசிரியர் அவர்களே, நீங்க தெனமும் நினைவஞ்சலி விளம்பரம் போடுறீங்க, எல்லாத்துலயும் ஒரே மாதிரி அன்பே உருவானவர், பண்பே வடிவானவர்னுதான் இருக்கு. வாரத்துல ஒரு நாள் ஒரு பக்கம் ஒதுக்கி, ஒரே வீட்டுல பொறந்த ரெண்டு பேரு ஒரே நாள பத்தி அவங்கவங்க ஞாபகத்துல இருக்கிறத எழுதட்டும், பேரு ஊரு இல்லாம, பக்கத்து பக்கத்துல, யாரு சரின்னு நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். வாசகர்களுக்கும் நான் கேட்டுக்கிறது, இந்த லீவுக்கு ஊருக்கு போறவங்க பெரியவங்கள ஒருத்தர் ஒருத்தரா தனியா உக்கார வச்சி கேளுங்க, மருமகள்களையும் கேளுங்க, அசல் பத்திரம் எங்க இருக்குன்னு கேளுங்க.

எங்க பெரியப்பாவுக்கு எண்பது நெருங்குது, காது சரியா கேக்கல. 52 புயல் அன்னைக்கு ராத்திரி தாத்தா அவர எங்க ஒளிச்சு வச்சார்னு பாதி சொன்னவர் மீதிய அப்புறம் சொல்றேன்னார். ராட்சசன்னு சொன்ன மனுஷன பத்தி அவரே வாய தெறந்து சொன்ன அந்த ஒரு விஷயத்துக்காக இந்த ஞாயித்துக்கிழமை ஊருக்கு போறேன், அத்தையும் கும்பகோணத்துலேர்ந்து வராங்க, ஆனா அவர் பேசும்போது அவங்க கொல்லப்பக்கம் இருக்கணும்னு சொல்லியிருக்கேன்.

இப்படிக்கு,
திருச்சியிலிருந்து ஒரு வாசகி